காரணம் தெரியவில்லை

எண்பதுகளின் கடைசியில் ஆவடிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் எனக்கு முதல் வேலை. மழை விட்டிருந்த ஒரு காலையில், பருத்திப்பட்டு ஏரிக்கரையிலிருந்து ஒரு பெண் செம்மறி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கணவருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை; ஆடுமாடெல்லாம் இவர் பொறுப்பு.

ஆட்டின் உதடு வீங்கி, மூக்கில் சளி காய்ந்து அடைத்திருந்தது. வாயைத் திறந்தேன். நாவற்பழம் தின்றதுபோல நாக்கு நீலம் பாரித்திருந்தது.

"கோமாரின்னு சொல்றாங்கோ டாக்டரம்மா. பன்னெண்டுல மூணு பூட்ச்சு."

வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ஆடுகள் நின்ற அதே கொட்டகையில் இரண்டு பசுக்கள் சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. கோமாரி என்றால் அவைதான் முதலில் படுத்திருக்கும். நீலநாக்கு நோய் பற்றிக் கல்லூரியில் அரைப் பக்கம் படித்திருந்தேன். வைரஸ் நோய், கடுகினும் சிறிய கடிபூச்சி பரப்புவது. அந்தப் பக்கத்தில் இருந்தது வெளிநாட்டுப் பூச்சி. இந்த ஏரிக்கரையில் கடிப்பது எது, மழைக்குப் பிறகு ஏன் வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை.

"இது இன்னா நோவு?"

"நீலநாக்கா இருக்கலாம். உறுதியாத் தெரியலம்மா."

"பட்ச்ச உனுக்கே தெரியலன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?"

அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் பொய்ப் பெயர் ஒன்றைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பூச்சி இருட்டில் கடிப்பது என்பதால், பொழுது சாய்வதற்குள் ஆடுகளை வீட்டுக்குள் அடைக்கச் சொன்னேன். அவர் கணவரின் கட்டிலை வாசலுக்குத் தள்ளிவிட்டு ஆடுகளைக் கூடத்தில் அடைத்தார். வேளாவேளைக்குக் கஞ்சி புகட்டினார். இன்னும் இரண்டு செத்தன. ஏழு பிழைத்தன.

ஆட்டு ரத்தத்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, இரண்டு பஸ் மாறி ஆய்வகத்தில் கொடுத்தேன். மாதிரி கெட்டுவிட்டது என்று பதில் வந்தது. அறிக்கையில் எழுதினேன்: 'காரணம் உறுதியாகத் தெரியவில்லை. நீலநாக்கு என்று சந்தேகம். கோமாரி அல்ல. பரப்பும் பூச்சியைக் கண்டறிய வேண்டும்.'

மேலதிகாரி அதைத் திருப்பித் தள்ளினார்.

"தெரியலன்னு எழுதினா நம்மளத்தான்மா கேப்பாங்க. கோமாரின்னு போட்டு முடி."

"கோமாரி இல்லன்னு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும் சார். மாத்த மாட்டேன்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. என் கையெழுத்தோடு மட்டும் அனுப்பினேன். ஒரு மாதத்தில் எனக்கு மெமோ வந்தது: தெரியவில்லை என்று எழுதியதற்கு விளக்கம் தருக. 'தெரியாததால்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு நோய் மறுபடி வந்தது. இம்முறை என் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஆய்வகத்திலிருந்து மூன்று பேர் ஐஸ் பெட்டியோடு வந்தார்கள். ஆடுகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். கொட்டகையில் பூச்சி பிடிக்கும் விளக்கைக் கட்டினார்கள்.

"என் ஆட்ட கட்ச்சது இத்துல மாட்டுமா?" அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

"தெரியலம்மா. அதைப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றார்.

"பாக்கட்டும். கண்டுபுட்ச்சிட்டு வந்து என்கிட்ட சொல்லணும். சொல்ற வரைக்கும் நான் உட மாட்டேன்."