அத்தைக்குத் தாடி

போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்கு என்ன உத்தியோகம்?"

"ஒண்ணாப்பு வாத்தியார்."

"படிப்பு?"

"பி.ஏ."

ரசம் ஊற்ற வந்தவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "அடப் பாவமே... அப்புறம் என்னப்பு ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை, விரும்பித்தான் போனேன் என்றேன். அவர் நம்பவில்லை. அவரைச் சொல்லி என்ன பயன்? என் அப்பாவே நம்பாத விஷயம் அது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், அணா போய் நயா பைசா வந்த சமயம். பட்டதாரிகளைச் சின்னக் குழந்தைகளின் வகுப்புக்குத் தயார் செய்யும் பயிற்சி ஒன்று திண்டுக்கல்லில் நடந்தது. எரியோட்டில் வெங்காயம் போடும் குடும்பம் எங்களுடையது. "ஏலே, அம்புட்டுப் படிச்சது அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கு மூக்குத் தொடைக்கவா?" என்றார் அப்பா. தாலுகா ஆபீசில் எனக்காகச் சொல்லியும் வைத்துவிட்டார். பெரிய சண்டைக்குப் பிறகு ஓர் உடன்பாடு — தேறினால் என் இஷ்டம், தேறாவிட்டால் குமாஸ்தா.

எனக்கோ ஃபைல் கட்டைப் பார்த்தாலே தும்மல் வரும். குழந்தைகள் என்றால் உயிர். ஆகவே, வருஷக் கடைசியில் வந்த டெஸ்ட் லெசனில்தான் என் தலையெழுத்தே இருந்தது.

வகுப்பின் பின்னால் பரீட்சகர் அம்மாள். வெளியூர்க்காரர், சிரித்தே பழக்கமில்லாத முகம். நான் கரும்பலகையில் 'அ' எழுதினேன். "இதுல ஆரம்பிக்கிற வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்!"

அம்மா வந்தாள். அணில் வந்தது. முன்வரிசையில் ஜொகரா என்ற சிறுமி துள்ளி எழுந்தாள். "அத்தா!"

எங்கள் ஊரில் ஆத்தா உண்டு, அத்தை உண்டு... அத்தா கிடையாது. மழலை என்று நினைத்துவிட்டேன். "அத்தைன்னு சொல்லணும் கண்ணு."

"அத்தை இல்ல சார், அத்தா!"

விடுவேனா? பரீட்சகர் பார்க்கிறாரே! "அத்தை" என்று மறுபடியும் திருத்தினேன். பாடத்தை வளர்க்க வேண்டுமே என்று, "சரி, உங்க அத்தை என்ன செய்வாங்க?" என்றும் கேட்டு வைத்தேன்.

"தோல் ஷாப்புக்குப் போவாக. வந்ததும் தாடியச் சீவுவாக."

வகுப்பே சிரித்தது. ஜொகராவுக்கு உதடு பிதுங்கியது. பின்னால் பேனா ஓடும் சத்தம் — தாலுகா ஆபீஸ் கண்ணில் தெரிந்தது.

பாடத்துக்காகக் கொண்டுவந்திருந்த பட அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியலை கண்ணு. அத்தான்னா யாரு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாதான் சார். இதுகூடத் தெரியாதா?"

பிறகு வகுப்பு என் கையில் இல்லை. "நாங்க அய்யான்னு கூப்பிடுவோம்!" என்றான் ஒருவன். "அய்யாவுக்கும் அதே 'அ' வருது சார்!" என்று கண்டுபிடித்தான் இன்னொருவன். ஆளாளுக்குக் கரும்பலகைக்கு ஓடிவந்து 'அ' எழுதினார்கள். மணி அடித்தபோது என் அட்டைகளில் பாதிகூட வெளியே வரவில்லை.

பரீட்சகர் அம்மாள் கூப்பிட்டார். "லெசன் பிளான் முடியலையே?"

"இல்லீங்கம்மா."

"அந்தப் பிள்ளையைத் திருத்திக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?"

"அத்தைக்குத் தாடின்னு சொல்லிட்டாளேம்மா..."

அந்த முகமும் சிரித்துவிட்டது. "தெரியலைன்னு பிள்ளைகிட்டயே கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் மார்க். போங்க, பாஸ்!" என்றார்.

அந்த அம்மாளை இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன். அப்பாவும் சொன்ன சொல் மாறவில்லை, முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார். பி.ஏ. படித்தபோது எனக்குப் பதில் சொல்லத்தான் கற்றுத் தந்தார்கள். கேட்கக் கற்றது இந்த ஒண்ணாப்பில்தான்.

அன்று சாயங்காலம் பள்ளி வாசலில், மகளைக் கூட்டிப்போக ஜொகராவின் தகப்பனார் வந்திருந்தார். அவள் என்னைக் கைகாட்டினாள்.

"அத்தா, இந்த சாருக்கு ஒண்ணுமே தெரியலை. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். நான் அவர் கையை எடுத்துவிட்டேன் — என்னைத் தேற வைத்த வாயல்லவா!