உபயம் வேறு, படம் வேறு

எங்கள் கிள்ளான் கோயிலில் பேர் எழுதாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. மணியில் பேர், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே பேர், செருப்பு வைக்கும் தட்டில் பேர். மின்விசிறியின் இறக்கைகளில்கூட 'உபயம்: திரு. இன்னார் குடும்பத்தினர்' என்று சிவப்புச் சாயத்தில் எழுதியிருப்பார்கள். விசிறி சுற்றினால் காற்று வரும், பேர் தெரியாது. கரண்டு போனால் பேர் தெரியும், காற்று வராது. பூஜை நீண்டுகொண்டே போகும் நாட்களில் அண்ணாந்து பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த 'உபயம்' என்ற சொல் ஒருநாள் என் தலையிலேயே வந்து விழும் என்று நினைக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் தொலைபேசி நிலையத்தில் ஆப்பரேட்டராக இருந்தேன். என் கணவர் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வேலையில் எனக்குக் குரல் மட்டும்தான் உண்டு. யார் யாருடைய பேரையோ எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்லுவேன், என் பேரை ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் என் பேர் 'இந்தாம்மா'. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அதில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை, அப்போது.

மாற்றலாகிப் போன ஒரு தோழியிடமிருந்து பழைய ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கியிருந்தேன். லீவு நாளில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வருஷத் தேர்த் திருவிழாவை ஒரு துணிக்கடையின் மாடியிலிருந்து மூன்று ரோல் எடுத்தேன். அதில் ஒரு படம் எனக்கே நம்ப முடியாதபடி அமைந்துவிட்டது. தேர் முனை திரும்புகிறது. தெரு முழுக்கக் கைகூப்பிச் சாமியைப் பார்க்கிறது. ஒரே ஒரு ஆள் மட்டும், நீளமான மூங்கில் கழியால் மின்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு நொடி கண்ணை எடுத்தால் தேர் நின்றுவிடும்.

கோயில் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். இரும்புக்கடை வைத்திருந்த பெரிய மனிதர். நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் பேசினார்.

"கிராணி, கும்பாபிஷேக மலர் போடுறோம். உங்க வீட்டுல தேர்ப் படம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. காசு எல்லாம் கொடுக்க முடியாது லா. பேரு போட்டுடுறோம்."

"எடுத்தது அவங்கதான். அவங்களக் கேளுங்க," என்றார் என் கணவர்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, சாமி காரியம்."

சாமி காரியம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது நம் ஆட்கள் எழுதாமல் எழுதி வைத்த சட்டம். எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் டைம் கொடுங்கள் அண்ணே என்றேன்.

மறுநாள் பஸ் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். என் ஃபிலிம்களைக் கழுவிக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரர் அங்கே இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கொடுக்காதீங்க அக்கா. நீங்க சம்பளக்காரங்க, சும்மா கொடுத்துட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு என்கிட்ட வந்து, அந்த அக்கா ஓசியில கொடுத்துச்சே, நீ ஏன் காசு கேக்குறன்னு நிப்பாங்க. நான் என்னா சொல்றது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். கோயிலில் யாருக்கும் காசு கொடுப்பதில்லை என்றால் சரி. பந்தல்காரருக்குக் கொடுக்கிறார்கள், மேளக்காரருக்குக் கொடுக்கிறார்கள், அச்சகத்துக்கும் கொடுக்கத்தான் போகிறார்கள். படத்துக்கு மட்டும் ஏன் பேர்? இப்படி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பேர் வேண்டும் போலிருந்தது. காசு வந்தால் மளிகையில் கரைந்துவிடும். அச்சில் என் பேர், நான் எடுத்த படத்துக்குக் கீழே, ஒரு தடவை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஆசை போகவில்லை.

வாரம் முடிந்ததும் செயலாளரிடம் மூன்று நிபந்தனை சொன்னேன். இந்த மலருக்கு மட்டும்தான், அடுத்த வருஷம் காலண்டரில் போடக் கூடாது. நெகட்டிவ் என்னிடமே இருக்கும். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'படம் எடுத்தவர்' என்று போட்டு என் பேர் வரவேண்டும். 'உபயம்' என்று போடக் கூடாது.

"ரெண்டும் ஒண்ணுதானே லா," என்றார் அவர்.

"இல்லைண்ணே. விசிறி உபயம் பண்ணவர் விசிறியச் செஞ்சாரா? கடையில வாங்கிக் கொடுத்தாரு. இத நான் செஞ்சிருக்கேன்."

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். வீடு விற்கிற பத்திரம் மாதிரி இருக்கே என்று சிரித்துக்கொண்டே போட்டுத் தந்தார். என் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதிய இன்னொரு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியீட்டு நாளன்று மண்டபத்தில் எல்லார் கையிலும் மலர் இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். மூங்கில் கழிக்காரர் அரைப் பக்கத்துக்கு அழகாக வந்திருந்தார். அவருக்குக் கீழே ஒரு வரி. 'படங்கள் உபயம்: திரு.' என்று போட்டு, என் கணவரின் பேரை முழுசாகப் போட்டு, 'குடும்பத்தினர்' என்று முடித்திருந்தார்கள். அந்தக் 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் நானும் இருந்தேன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள், கணக்குப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பூனையும் இருந்தது.

"கிராணி, பிரமாதமா எடுத்திருக்கீங்க," என்று யாரோ என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஃபிலிம் எந்தப் பக்கம் மாட்டுவது என்றுகூட அவருக்குத் தெரியாது. செயலாளரிடம் போனேன். "பேரு வந்துருச்சே ம்மா, உங்க வீட்டுப் பேருதானே," என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். அச்சாபீஸ் புரூஃப் அனுப்பியிருக்கிறது. அவர் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் வேலையில் இருந்திருக்கிறேன். என் கணவர் படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமாம்மா, பாத்தேன். 'தேரோட்டம்'னு எழுதினதுல ஒரு புள்ளி விட்டுப்போயிருந்துச்சு, போட்டேன். அந்த வரி எனக்குத் தப்பாவே தெரியல. கோயில்ல எல்லாம் அப்படித்தானே எழுதியிருக்கும்."

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றியிருந்தால்கூட ஒரு சண்டையோடு போயிருக்கும். ஒரு புள்ளி விட்டுப்போனது கண்ணில் பட்டிருக்கிறது, நான் விட்டுப்போனது படவில்லை. நான்கு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சனிக்கிழமை காலையில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார். மதியம் தாண்டியும் வரவில்லை. கோயிலில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அலுவலக அறையில், விநியோகமாகாத மலர்க் கட்டுகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் அடிக்கோலும் கறுப்புப் பேனாவும். ஒவ்வொரு பிரதியாக எடுத்து, அந்த உபய வரியைக் கோடு போட்டு அடித்து, கீழே தன் ஆபீஸ் கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் முடித்திருந்தார். வலது கை விரலெல்லாம் மை.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 'படம் எடுத்தவர்: என் மனைவி' என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"யாரோட மனைவின்னு எப்படிங்க தெரியும்? உங்க பேரையும் சேத்துல்ல அடிச்சிட்டீங்க."

அவர் பிரதியை வாங்கிப் பார்த்தார்.

"உன் பேர எழுதத்தான் வந்தேன். அத்தன பேரு பாக்குற புத்தகத்துல உன் பேரத் தனியா எழுத என்னமோ மாதிரி இருந்துச்சும்மா. கை வரல."

மிச்சத்தை அப்படியே விடச் சொன்னேன். கோபம் அன்றைக்கே போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு யார் கேட்டும் படம் கொடுக்கவில்லை. காசுக்கும் கொடுக்கவில்லை, பேருக்கும் கொடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. இளம்பெண்ணின் குரல். கிள்ளானைப் பற்றி ஒரு புத்தகம் தயாரிக்கிறாளாம்.

"ஆன்டி, ஒரு பழைய கோயில் மலர் கிடைச்சுச்சு. அதுல மூங்கில் புடிச்சிக்கிட்டு ஒரு ஆளு. கீழே 'என் மனைவி'ன்னு கையால எழுதியிருக்கு. அந்த மனைவியத்தான் நாலு மாசமாத் தேடுறேன். நீங்கதானா?"

நான்தான் என்றேன். காசு கொடுக்க வசதியில்லை, தனக்கும் சம்பளம் இல்லை, பேர் கண்டிப்பாகப் போடுவேன் என்றாள். பழைய கதைதான். பழையபடி ஒரு வாரம் டைம் கேட்டேன். என் கணவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கொடும்மா. ஆனா புரூஃப நீயே பாரு," என்றார்.

ஸ்டூடியோக்காரர் சொன்ன நியாயம் எனக்கு மறக்கவில்லை. அச்சகத்துக்குக் காசு இருக்கும், படத்துக்கு மட்டும் இருக்காது, அது மாறவே இல்லை. ஆனால் பேரைப் போடுகிறேன் என்று வந்தவர்களைத்தான் நான் பார்த்திருந்தேன். பேரைத் தேடிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான். வாரம் முடிந்ததும் நானே கூப்பிட்டுச் சரி என்றேன். ஒரு படம், ஒரு புத்தகம், புரூஃப் என் கைக்கு வரவேண்டும்.

"ரொம்ப நன்றி ஆன்டி. உங்க பேர எப்படிப் போடணும்?"

இத்தனை வருஷம் அடுத்தவர் பேரைக் கூட்டிச் சொன்ன எனக்கு, என் பேர் தொண்டையில் வந்து நின்றுகொண்டது. என் கணவர் எழுந்து வந்து ரிசீவரை வாங்கினார். புரூஃப் படிப்பது போல நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக, என் பேரைச் சொன்னார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயால் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ழகரத்தை லகரமாகச் சொல்லிவிட்டார். ரிசீவரைத் திரும்ப வாங்கி, நான்தான் திருத்தினேன்.