ராசியில்லாத கை

ரப்பர் குழாயின் ஒரு முனையை மீன் தொட்டிக்குள் அமிழ்த்தி, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுக்கிறாள் மீனக்கா. தண்ணீர் உதட்டைத் தொடுகிற நேரத்தில் குழாயைச் சட்டென்று வாளிக்குள் திருப்பிவிட வேண்டும். சில நாள் கணக்குத் தப்பி ஒரு மடக்கு வாய்க்குள் போய்விடும். துப்பிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, "இன்னிக்குக் கொஞ்சம் கனமா இருக்கு, ரெண்டு வாளி சேர்த்து எடுக்கணும்" என்பாள். தண்ணீரைச் சோதிக்கும் கருவிகள் அலமாரியின் கீழ்த்தட்டில் டப்பாவோடு தூங்குகின்றன. அவை கணவர் வாங்கியவை. கணவர் வீட்டில் இல்லை, கருவிகளுக்கும் வேலை இல்லை.

மீனக்கா என்பது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. புதிதாகக் குடிவந்த ஒருவர் பெயரைக் கேள்விப்பட்டு, பையும் கையுமாக வந்து, "கிலோ என்ன விலைங்க?" என்று கேட்டிருக்கிறார். "இது அடுப்புக்குப் போற மீன் இல்லீங்க. நம்மள அடுப்பங்கரைக்கே போக விடாத மீன்" என்று சொல்லி அனுப்பினாளாம்.

அவள் வளர்ப்பது டிஸ்கஸ் என்கிற அலங்கார மீன். பக்கவாட்டில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு வட்டம், நேராகப் பார்த்தால் வெறும் கோடு. சிவப்புக் கண், உடம்பெல்லாம் நெளிநெளியாக நீலம். பார்க்கத்தான் பகட்டு, நெஞ்சு மகா கோழை. பக்கத்து அறையில் தட்டு விழுந்தால் போதும், மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும். முட்டையிட்டிருக்கும் சமயத்தில் பயந்துவிட்டதோ, போட்ட முட்டையைத் தானே தின்று தீர்த்துவிடும். அதனால் அந்த வீட்டில் கதவு ஓரங்களில் பஞ்சுப் பட்டை ஒட்டியிருக்கிறது. நாற்காலிக் கால்கள் பழைய காலுறை போட்டிருக்கின்றன. அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கியாகிவிட்டது, வருகிறவர்கள் விரல் நுனியால் தட்ட வேண்டும். சத்தமாகத் தும்முகிற ஆளென்று தெரிந்தால் வாசலோடு பேச்சு முடிந்துவிடும்.

வேலை, துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் ஷிப்ட் கணக்கில் வசவு வாங்குவது. சட்டை சாயம் போனதற்கும் அவளுக்குத் திட்டு, சட்டை கிழிந்ததற்கும் அவளுக்குத் திட்டு. "மன்னிக்கணும் சார். உங்க புகார் பதிவாயிடுச்சு. வேற ஏதாவது உதவி வேணுமா?" இந்த மூன்று வாக்கியத்தில்தான் அவளுடைய சாப்பாடு ஓடுகிறது. குரல் உயரவே உயராது. "பகல் பூரா மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன். வீட்டுல அந்தச் சரக்கு ஸ்டாக் இல்ல" என்பாள்.

ஆரம்பத்தில் மீனெல்லாம் கணவருடையது. புத்தகம் புத்தகமாகப் படித்தார், கருவி கருவியாக வாங்கினார், வந்தவர் போனவருக்கெல்லாம் பாடம் நடத்தினார். மனைவிக்கு ஒதுக்கிய பங்கு வாளி தூக்குவது. தொட்டிக்குள் கை விடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. கல்யாணமான புதிதில் அவள் நட்ட ரோஜாச் செடி ஒன்று பட்டுப்போனது. "உன் கை ராசியில்லாத கை" என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது, அதற்கு அப்பீலும் இல்லை. மீன் முட்டையிடும், மறுநாளே முட்டை பூஞ்சை பிடித்து வெளுக்கும், இல்லாவிட்டால் காணாமல் போகும். உடனே விசாரணை தொடங்கும். "நீ கைய வெச்சியா?"

அவள் வைக்கவில்லை. வைத்தவர் அவர்தான். தாய்மீன் முட்டைக்குக் காவல் நிற்கும்போது மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுவார், டார்ச் அடித்துப் பார்ப்பார், முட்டை போய்விட்டால் ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்துவார். அடுத்த தொட்டி மீனும் பயந்து தன் முட்டையைத் தின்னும். இத்தனையையும் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை, அதுவும் தன் மேலேயே.

ஒருநாள் அவர் பெட்டியோடு கிளம்பினார். ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் வீட்டுக்கு. "இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது" என்றார். தொட்டிகளில் காற்றுக் குழாய்கள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. "மீனுக்கே முட்டல, இவருக்கு முட்டிடுச்சு" என்று இன்றைக்குச் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மீனெல்லாம்?" என்று மட்டும் கேட்டாள். "என்னமோ பண்ணித் தொலை" என்று பதில் வந்தது.

அவள் அழுதாள், வேலைக்குப் போனாள், வந்து மறுபடி அழுதாள். எல்லா மீனையும் வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் தள்ளிவிடலாம் என்று ஒரு விடுமுறை நாளில் வலையை எடுத்தாள். வலைக் கம்பு உடைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் கையை விட்டாள். பிடிக்க வந்த கையை மீன்கள் தீனி என்று நினைத்து, வரிசையாக வந்து விரல் நுனியைக் கொத்தின. "எவ்ளோ வருஷம் கழிச்சு அந்தத் தண்ணியில கை விடுறேன்! ஒண்ணும் ஆகல. தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு, அவ்ளோதான்." கடைக்காரருக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றாள்.

அதன் பிறகு அவள் பெரிதாக எதையும் செய்யவில்லை. தண்ணீரை மாற்றினாள், புதுத் தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். நடுத்தொட்டி ஜோடி, கவிழ்த்து வைத்த மண்சட்டியில் முட்டையிட்டது. தின்னவில்லை. பொரித்தது. கடுகை விடச் சின்னதாகக் கிளம்பிய குஞ்சுகள் நேரே போய்ப் பெற்றவர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டன. இந்த மீனின் குஞ்சுக்குத் தாய் தகப்பன் தோலில் ஊறும் வழுவழுப்புதான் முதல் சாப்பாடு, அதை விட்டால் பட்டினி. தாய்க்கு அலுத்துப்போனால் உடம்பை ஓர் உதறு உதறி நகரும், குஞ்சுக் கூட்டம் அப்படியே தகப்பன் பக்கம் தாவும். மீனக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்க்கிறாள். "ஷிப்ட் மாத்துறாங்க. லீவு கேக்காம வேலைக்கு வர்ற அப்பனை இப்பதான் பாக்குறேன்."

குஞ்சு பொரித்த செய்தி கடைக்காரர் வாய் வழியாகக் கணவருக்குப் போயிற்று. நாத்தனார் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றானாம். அந்த ஜோடிய மட்டும் எடுத்துட்டுப் போயிடுவானாம். அவன் வாங்கின மீன்தானே அண்ணி, குடுத்துடுங்களேன்."

"அவர் வாங்கினதுதான். என்னையும் அவர்தான் கட்டிக்கிட்டாரு. ரெண்டையும் விட்டுட்டுத்தானே போனாரு?"

"ஒரு மீனுக்காக வம்பு எதுக்கு? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"அந்த நாலு பேரையும் மெதுவாக் கதவத் தட்டிட்டு வரச்சொல்லுங்க. குஞ்சு இருக்கு."

அவளுடைய அண்ணனும் விட்டுக்கொடுக்கத்தான் சொன்னார். அம்மாவும் சொன்னாள். இந்த வயதில் விடுமுறை நாளில் மீன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு, நல்ல பிள்ளையாக இருந்தால் அவன் மனசு மாறினாலும் மாறும் என்பது அவர்கள் கணக்கு. மீனக்கா எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்: "மாட்டேன்." இதை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாளோ தெரியவில்லை, எடுத்துப் பார்த்தால் துருவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மூடி போட்ட புது வாளியோடு வந்தார். அழைப்பு மணியை அழுத்திப் பார்த்து, அது பேசாததால் உள்ளங்கையால் கதவை ஓங்கித் தட்டினார். அவள் ஒரு கையில் குழாயோடு கதவைத் திறந்து, "செருப்ப வெளிய விடுங்க. மெதுவாப் பேசுங்க" என்றாள். விருந்தாளிக்குச் சொல்வது போலவே சொன்னாள்.

நடுத்தொட்டி முன்னால் போய் நின்றவர், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். படத்தில் மட்டும் பார்த்தது கண்ணெதிரே நீந்திக்கொண்டிருந்தது. மோதிர விரல் தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று.

"விரல எடுங்க."

எடுத்தார். "என்ன பண்ணின? என்ன மருந்து போட்ட?"

"ஒண்ணும் பண்ணல."

"உனக்குக் கைராசி இருக்கு போலிருக்கே."

"பழைய புகார வாபஸ் வாங்குறீங்களா?"

அவர் சிரிக்கப் பார்த்தார், அவள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "சரி, ஜோடிய எடுத்துக்கிறேன். குஞ்செல்லாம் நீயே வெச்சுக்கோ."

"பெத்ததுங்கள எடுத்துட்டா குஞ்சு பட்டினியில செத்துடும். நீங்க படிச்ச புஸ்தகத்துலதான் போட்டிருக்கு."

"அப்போ எல்லாத்தையும் எடுத்துக்கிறேன். என் மீன் இது. நான் காசு குடுத்து வாங்கினது." குரல் ஏறியது. தாய்மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலைக்கு நகர்ந்தது, குஞ்சுகள் சிதறின. மீனக்கா அதைப் பார்த்தாள். அவருக்கும் தொட்டிக்கும் நடுவில் வந்து நின்றாள். கோபத்தில் அவள் குரல் இன்னும் இறங்கியது. ஆபீசில் மிக மோசமான ஆட்களுக்கென்று அவள் ஒதுக்கி வைத்திருக்கும் குரல் அது.

"மன்னிக்கணும் சார். உங்க புகார் பதிவாயிடுச்சு."

அவருடைய வாளியின் மூடியைத் திறந்தாள். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு. கலங்கல் தண்ணீர் புது வாளிக்குள் இறங்கியது. பாதிக்கு மேல் ஏறியதும் குழாயை எடுத்தாள். மூடியை அழுத்தி மூடி, கைப்பிடியை அவர் கையில் கொடுத்தாள்.

"போற வழியில கீழ இருக்கிற செடிக்கு ஊத்திடுங்க. நல்ல உரம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் சிந்தும், சிந்தினால் துடைக்க வேண்டும். வாசலைத் தாண்டிப்போய் ஒருமுறை திரும்பினார், எதையோ சொல்ல வாயெடுத்தார்.

கதவை அறைந்து சாத்த அவள் கை துடித்தது. அத்தனை வருஷமும் அந்தத் துடிப்பில் இருந்தது. அவள் தொட்டியை ஒரு தடவை பார்த்தாள். சிதறிய குஞ்சுகள் அப்போதுதான் தகப்பன் உடம்பில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. கதவை அங்குலம் அங்குலமாக, அவர் முகத்துக்கு நேராக, காற்றுகூட அசையாமல் சாத்தி, தாழ்ப்பாளை நனைந்த விரலால் மெல்லத் தள்ளினாள்.