தவக்காலத்தில் விட்ட பொய்

சலூன்காரர் இப்போது கட்டிலே கதியென்று கிடக்கிறார். கைநடுக்கம் வந்ததிலிருந்து கடையை மூடியாயிற்று. ஆனாலும் கண்ணை மூடினால் கடைதான்: கிரீச்சிடும் சுழல்நாற்காலி, பவுடர் வாசனை, ஓயாத அரட்டை. என்ன நாட்கள் அவை!

அந்தக் கடையில் அவர் பல வருஷம் ஒரு பொய்யையும் கூசாமல் சொல்லிவந்தார். கிடங்கில் மூட்டை தூக்கும் கறுப்பினத்தார் யாராவது வாசலில் வந்து நின்றால், "உங்க முடிக்குத் தோதான மெஷின் இல்லையே" என்பார். மெஷின் மேசைமேல்தான் கிடக்கும். அவர்களில் ஒருவர் தேவாலயத்தில் இவருக்குப் பக்கத்து இருக்கை. ஞாயிறு பூசையில் பூசை வழக்கப்படி அந்த மூட்டைக்காரருக்குக் கைகொடுத்து, "சமாதானம் உண்டாகட்டும்" என்று சமாதானம் சொல்லுவார். மறுநாள் அவருக்கே மெஷின் இல்லை என்பார். அப்பேர்ப்பட்ட பக்திமான்.

ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முன்னால் பிடித்ததை ஆண்டவருக்காக விட்டுவைக்கும் தவக்காலம் தொடங்கியபோது, "இந்தத் தடவையும் டீயை விட்டுடறேன்" என்றார்.

"டீ என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி. "ஆண்டவருக்காக விடறதுன்னா அந்த மெஷின் பொய்ய விடுங்க, பாப்போம்."

சுருக்கென்று தைத்தது. சில நாள் அவளிடம் முகம் கொடுக்காமல் திரிந்தார். அந்த ஞாயிறு, சமாதானம் சொன்ன கையை விடாமலே மூட்டைக்காரரிடம், "நாளைக்குக் கடைக்கு வாங்க" என்றார்.

"மெஷின் வந்துடுச்சாண்ணே?"

"அது எப்பவும் இருந்துச்சு."

"தெரியும்ணே" என்றார் மூட்டைக்காரர். சலூன்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் வந்தவருக்கு, எல்லாருக்கும் செய்வதுபோலத் தண்ணீர் தெளித்து, முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்து வெட்டினார். காய்ந்ததும் சுருட்டைமுடி சரசரவென்று மேலே ஏறிக்கொண்டது. மண்டையெல்லாம் மேடும் பள்ளமும்.

காத்திருந்த ஜவுளிக்கடைக்காரர் எழுந்தார். "அவன் தலையில வச்ச சீப்ப என் தலையில வைப்பியா? இவங்கள உள்ள விட்டா நானும் என் சொந்தக்காரங்களும் இந்தப் பக்கமே வரமாட்டோம்."

பாதித் தெரு அவருக்குச் சொந்தக்காரர்கள்.  ஆனாலும் சலூன்காரர் சீப்பைக் கழுவிக்கொண்டே, "இனிமே எல்லாருக்கும் இதே சீப்புதான்" என்றார்.

சொன்னபடியே ஜவுளிக்கடைக்காரர் கூட்டம் வரவில்லை. சலூன்காரர் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தலையைக் கெடுத்த வெட்கம் அதைவிட அரித்தது. மூட்டைக்காரரும் இனி எங்கே வரப்போகிறார் என்றுதான் நினைத்தார்.

முடி வளர்ந்ததும் அவர் வந்தார். நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்தார்.

"இந்தத் தடவ தண்ணி வேணாம்ணே. வெட்டிப் பழகிக்கோங்க. தலை என்னோடதுதானே."

பழகிக்கொண்டார். ஈஸ்டர் வந்து போனது; டீயும் குடித்தார்; பொய்யை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. மெல்ல மெல்லக் கிடங்கு ஆட்கள் கடையை நிறைத்தார்கள்.

இன்று அதே மூட்டைக்காரர், நரைத்த தலையோடு, கட்டிலருகே சவரக்கத்தியும் கையுமாக நிற்கிறார். மூட்டை தூக்கிக் காய்த்த கை. கத்தி ஒரு இழுப்பு இழுத்ததில் பாதி மீசை போயே போய்விட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஐயோ, மன்னிச்சிருங்கண்ணே!"

சலூன்காரர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"பழகிக்கோங்க" என்றார். "முகம் என்னோடதுதானே."