மண் தின்ற துணி

மண் பொட்டலத்தைப் பிரித்ததும் சந்திரகலா முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகுதான் நம்மைப் பார்ப்பார். அவருடைய ரெட்டியார்பாளையம் வீட்டில் இட்லி மாவும் வயல் மண்ணும் ஒரே பிரிட்ஜில் குடித்தனம் நடத்துகின்றன. அங்கே நான் சட்னிகூடக் கேட்பதில்லை.

மண் என்றால் யூரியாவைத் தவிர வேறு பேச்சே இல்லாத காலத்தில், அதற்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை ஆராயப் புறப்பட்டவர். புதுச்சேரியில் அந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவரே இவர்தான். விளக்கம் கேட்டால், "ராத்திரி மாவு கரைச்சு வெச்சா காலைல பொங்குதில்ல? அதப் பொங்க வெக்கறவங்க சொந்தக்காரங்கதான் மண்ணுக்குள்ளயும் வேல பாக்கறாங்க" என்பார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் எளிய வழி ஒன்று உண்டு. பருத்தித் துணியைப் புதைத்துவிட்டு வருவார். உயிர் இருந்தால் துணியைத் தின்றுவிடும். சுனாமிக்கு அடுத்த வருஷம் வீராம்பட்டினம் பக்கம் கன்னியப்பன் நிலத்திலும் அப்படித்தான் புதைத்தார். கடல் ஏறிய நிலம் அது. விதைத்த நெல்லெல்லாம் கருகிப் போயிருந்தது. மண் செத்துவிட்டது என்று தெரிந்தால் மனை போடுகிறவர்களுக்குத் தள்ளிவிடுவதென்று கன்னியப்பன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இருந்தார்.

துணி புதைத்ததைக் கன்னியப்பன் வீட்டில் சொல்ல மறந்ததுதான் வினை. சில வாரம் கழித்து வரப்போரம் கொத்தப் போன அவர் மனைவி மணியம்மாளின் மண்வெட்டியில் துணி சிக்கியது.

"அய்யய்யோ, எவளோ நான் கட்டுன பொடவையக் கிழிச்சாந்து சூனியம் வெச்சிருக்காளே! அதான் ஒண்ணுமே மொளைக்கல!"

ஊரே கூடிவிட்டது. சேதி போனதும் சந்திரகலா மொபெட்டில் பறந்தார். நல்லவேளை, துணிக்குத் தீ வைப்பதற்குள் போய்ச் சேர்ந்தார்.

துணியைப் பிடுங்கி உதறி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சல்லடையாக ஓட்டை.

"யம்மா, இது சூனியம் இல்ல. நான் வெச்ச துணி. உன் மண்ணு தின்னுருக்குது பாரு! உசுரு இருக்குதும்மா. மழ வந்து உப்பக் கழுவிட்டா வெதைக்கலாம்."

கன்னியப்பன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மணியம்மாள் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "அப்ப கடலோரமா இருக்கற அந்தத் துண்டு நெலம்? அதுலயும் உசுரு இருக்குமா டாக்டரம்மா?"

"பொதைச்சுப் பாத்தாத்தான் தெரியும். கையில வேற துணி இல்லியே."

மணியம்மாள், கட்டியிருந்த நூல் புடவையின் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்து, சந்திரகலா கையில் வைத்தார்.