ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு சிவப்பு ஒட்டு

சூசை போய்விட்டான். இன்று விடிய கொழும்புத்துறையிலிருந்து போன் வந்தது... நித்திரையிலேயே மூச்சு நின்றுவிட்டதாம்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் பெறாமகள், தம்பியின் பிள்ளை, போனில் எழுத்து அடிக்கிறாள்.

அவனுக்கு இது இரண்டாவது சாவு. முதல் சாவுக்கும் நான் போயிருந்தேன்.

அப்போது சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. சூசை கொழும்புத்துறையிலிருந்து கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருவான். அவன் ஹோர்னை அமத்தினால் சந்தைப் பூனை எல்லாம் எழும்பும்.

பொருளாதாரத் தடைக் காலம். புது டியூப் கண்ணால் காண முடியாது, ஒட்டுக்கு மேல் ஒட்டுத்தான். எல்லோருக்கும் பழைய லொறி டியூப்பை வெட்டி ஒட்டுவேன், கறுப்பு. சூசைக்கு மட்டும் சிவப்பு.

அந்தச் சிவப்பு எங்கே இருந்து வந்தது என்றால்... அம்மாவின் சுடுதண்ணிப் பை. நல்ல பை அது, அப்பா கொழும்பில் கடையில் நின்ற காலத்தில் வாங்கினது. ஒழுகத் தொடங்கின பிறகும் அம்மா எறிய விடவில்லை, நாலு வருடம் கொடியில் தொங்கினது... சரி, அது வேறு கதை.

"ஏன்ரா தியாகு, எனக்கு மட்டும் சிவப்பு?"

"உப்புத் தண்ணிக்குக் கறுப்பு நிக்காது."

"அப்ப எங்கடை ஊர்ச் சனம் எல்லாருக்கும் சிவப்பு ஒட்டன், பாப்பம்."

"துண்டு காணாது."

அவன் சிரிக்கவில்லை. மீன்கத்தியைத் துடைத்துக்கொண்டே, "எனக்குக் காணும்தானே" என்றான்.

அன்றைக்குப் பகல் முழுக்க மழை. கடைப் பலகையை இழுத்துச் சாத்தினேன். என் கையில் கிரீஸ், அவன் கையில் மீன் செதில்...

பெறாமகள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். ஓம் பிள்ளை, அதுதான். அடி.

ஊர் எங்களைக் கூட்டாளிமார் என்றது. நாங்களும் வேறு சொல் தேடவில்லை.

பிறகு நேவி கடலில் மீன்பிடிக்க விடவில்லை. சூசை கிளாலிக் கடல்நீரேரியில் சனம் ஏற்றுகிற படகுக்கு ஓட்டியாகப் போனான். சைக்கிளும் அவனோடு படகில் போகும். மிஞ்சின சிவப்புத் துண்டையும் ஒட்டுகிற சொலூசன் கொஞ்சத்தையும் அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

ஒரு நாள் படகுகளுக்கு நேவியின் துவக்குச் சூடு விழுந்தது. அவன் படகு திரும்பவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை வைத்தார்கள். வேதக்கோயில் வாசலில் அவனுடைய சித்தப்பா நின்று ஆட்களை முறை பார்த்து இருத்தினார். தாய், சகோதரங்கள், மாமன், மச்சான்...

"தம்பி, நீர் என்ன முறை?"

"சைக்கிள் கடை."

கடைசி வாங்கை, பின்வரிசைப் பெஞ்சைக் காட்டினார். போய் இருந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். தெரியாத ஒரு ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். முன் சில்லுக்குக் காத்துப் போச்சாம்.

டியூப்பை வெளியே இழுத்தேன். சிவப்பு ஒட்டு... ஒன்று, இரண்டு, மூன்று. என் கை வெட்டினவை. கொஞ்சம் தள்ளி நாலாவதும் ஒன்று. கோணல்மாணலாய் வெட்டினது, நான் ஒட்டாதது.

மெல்ல உரித்தேன். கீழே ஓட்டை இல்லை! தண்ணீரில் அமத்தியும் பார்த்தேன், அந்த இடத்தில் ஒரு குமிழி வரவில்லை.

சூசைக்கும் எழுத்து வராது. எனக்கு இப்படித்தானே எழுதுவான்.

"இது எங்கை வாங்கினனீங்கள், அண்ணை?"

"கிளிநொச்சியிலை ஒரு ஆளிட்டை. படகிலை சூடு பட்டுக் கால் ஒண்டு இல்லை, பாவம். காத்துப் போனா சாவகச்சேரிச் சந்தைக் கடையிலை மட்டும் காட்டச் சொன்னவர்."

என்னுடைய நல்ல சைக்கிளை அவரிடம் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

கிளாலியில் படகேறினேன். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. ஒருவர் மேல் ஒருவர் படுத்துக் கிடந்தோம். என் முதுகில் ஒரு கிழவர், அவர் கைக்குள் ஒரு கோழி. சத்தம் கேட்டுச் சூடு விழும் என்று சனம் கோழியைக் கழுத்தைத் திருகச் சொன்னது. "முதல் என்ரை கழுத்தைத் திருகுங்கோ" என்றார் அவர். கரை சேரும்வரை அந்தக் கோழி வாய் திறக்கவில்லை.

கிளிநொச்சியில் இரண்டு நாள் விசாரித்துத்தான் அவனைக் கண்டுபிடித்தேன். ஒரு ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"ஒட்டு விட்டுப்போச்சோ?"

"உரிச்சுப் பாத்தனான். ஆரிட்டையாவது சொல்லி அனுப்பியிருக்கலாமேடா, மாடு!"

"சொன்னா முதல் அம்மாட்டைப் போகும். அவ வந்து கூட்டிக்கொண்டு போடுவா." வலையைக் கீழே வைத்தான். "எனக்கு நீ வரவேணும்."

பிறகு கேட்டான். "எனக்குப் பூசையும் வைச்சு முடிச்சிட்டினமாம். எந்த வாங்கிலை இருந்தனீ?"

"கடைசி."

"ஏன் முன்னுக்கு இருக்கேல்லை?"

"என்ன முறை சொல்லி இருக்கிறது?"

அவன் வலையை எடுத்துத் திரும்பவும் பொத்தத் தொடங்கினான்.

அந்தக் கொட்டிலில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தோம். அவன் வலை, நான் சைக்கிள். அவன் உயிரோடு இருப்பதைத் தாய்க்குச் சொல்லி அனுப்பவில்லை. பிழைதான்... இரண்டு பேருடைய பிழையும்.

யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த வருடம் அந்த மனிசியும் சனத்தோடு சனமாய் நடந்து வந்தா. தண்ணீர் கேட்டு எங்கள் வாசலில் நின்றா. கொண்டுபோய்க் கொடுத்தது சூசை.

செம்பு விழுந்தது. கன்னத்தில் ஒரு அடி, பிறகு கட்டிப்பிடித்து அழுகை. என்னைப் பார்த்த பார்வை... அதைச் சொல்லத் தெரியவில்லை. கடைசிவரை அவ என்னோடு கதைக்கவில்லை.

மகனைக் கூட்டிக்கொண்டு போனா. என்ன முறை சொல்லி மறிக்கிறது?

அவன் கலியாணம் கட்டவில்லை, நானும்தான். பிறகு ஊர் திரும்பின காலத்தில் மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறிச் சாவகச்சேரிக்கு வருவான். பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டுக் கடை சாத்தும்வரை இருப்பான். போன மாதமும் வந்தவன்.

மரண நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். பெறாமகள் வாசித்துக் காட்டினாள். மகன், சகோதரன், மாமன், பெரியப்பா... கூட்டாளி என்று ஒரு சொல் இல்லை.

நாளை காலை பூசை. முதல் பஸ்ஸில் போகிறேன்.

முன் வாங்கில் இருப்பேன் சூசை. கேட்கிற ஆட்கள் கேட்கட்டும்.