இரைச்சலைத் திருத்திய அண்ணை

சுவிஸின் பேர்ன் நகரில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். மாலையில் கிற்றார் வாசிக்கிறேன். அறுபதுகளில் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கார்க் கொட்டகைகளில், மலிவான கருவிகளை வைத்துக்கொண்டு வாசித்த ரொக் இசைதான் எனக்குப் பைத்தியம். ஃபஸ் என்றொரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கிறது. கிற்றாரின் ஒலியை அதற்குள் விட்டால் கிழிந்து, கரகரத்து, குளவிக்கூடு கலைந்ததுபோல வெளியே வரும். பதினாறு வயதில் முதன்முதல் கேட்டபோது யாரோ எனக்காகக் கோபப்படுவதுபோல இருந்தது.

பள்ளித் தோழிகள் இருவர் என்னோடு வாசிக்கிறார்கள், இருவரும் சுவிஸ்காரிகள். நான் சிறுவயதில் படித்த தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஒரு பாட்டு வாசிக்கக் கேட்டார்கள். தமிழில் எழுதினேன். இந்த ஊரிலேயே பிறந்த என்னைக் குடியுரிமை நேர்காணலில் இருத்தி, இந்த ஊர் பற்றிக் கேட்ட கேள்விகள்தான் பாட்டு. இரண்டு மாதம் பயிற்சி செய்தோம்.

விழாவன்று காலை, ஒலி பார்த்த அண்ணை நான் முதல் கம்பியைத் தட்டியதுமே ஓடி வந்தார். நல்ல மனிதர். எங்கள் கலியாணங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுபவர்.

"தங்கச்சி, உங்கட வயர் இரையுது."

"இல்லை அண்ணை, அது அப்பிடித்தான் இருக்கோணும்."

"இரையோணுமோ?"

"ஓம்."

தலையாட்டினார். ஆனாலும் வயரை மாற்றினார். பிறகு இன்னொரு வயர் கொண்டுவந்தார். நான் பெட்டியைக் காலால் அழுத்தியும் விட்டும் காட்டினேன். "சரி, சரி, விளங்குது" என்றார்.

விளங்கவில்லை. பாட்டின் இரண்டாவது வரியில் அவர் குனிந்தபடி மேடைக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால் என் காலடியில் எதையோ தடவினார். நான் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். திரும்பிப் போய், என் கிற்றார் ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்திருந்த மைக்கை அடைத்துவிட்டார். அந்தச் சின்ன ஸ்பீக்கர் ட்ரம் சத்தத்துக்குள் மூழ்கிப் போனது. அரங்கில் என் குரல் மட்டும், தேவாரம் பாடுகிற பிள்ளையின் குரல்போலத் தனியே நின்றது. கம்பிகளை எவ்வளவு பலமாக அடித்தும் பயனில்லை.

இறங்கியதும் அவரிடம் போனேன்.

"ஏன் அண்ணை நிப்பாட்டினனீங்கள்? காலமை சொன்னனான்தானே!"

"பிள்ளை, இரைஞ்சால் சனம் உங்களைப் பேசாது. என்னைத்தான் பேசும். முன்வரிசையில இருந்த ஆக்கள் ரெண்டு பேர் திரும்பி என்னைப் பாத்தவை."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலூட்டியது. ட்ரம் அடித்த தோழி என்ன நடந்தது என்று கேட்டாள். சுவிஸ் ஜெர்மனில் விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

அம்மா பாட்டைக் கைபேசியில் பதிவுசெய்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். "இண்டைக்குத்தான் உன்ர குரல் வடிவாக் கேட்டது" என்றார். அழிக்கச் சொன்னேன். "ஏன், நல்லாத்தானே இருக்குது" என்று சிரித்தார்.

மறுநாள் மதிய இடைவேளை முடிகிற நேரம் கனடாவிலிருந்து மாமி அழைத்தார்.

"எவ்வளவு அமைதியான பாட்டு, பிள்ளை. கேக்க மனம் குளிர்ந்து போச்சு."

நன்றி என்று சொல்லிக் கைபேசியை வைத்தேன். அடுத்த நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.